ஐந்து ஓட்டமும் ஒரே ஓட்டம்

கிளஸ்டர் என்றால் என்ன என்று கல்யாணமான நாளிலிருந்து என் கணவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். யாராவது கேட்டால் அவர் இன்றைக்கும், "அவளுக்கென்ன, ஏசி ரூம்ல கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற வேலை" என்றுதான் சொல்கிறார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று நாள் முழுக்கக் கேட்கிற மனிதர். என் வேலை மட்டும் அவருக்கு எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை.

அதனால் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குளிர் அறை. ஆளுயர இரும்பு அலமாரிகள், தட்டுக்கு ஒரு கணினி, எல்லாவற்றையும் கம்பியால் கோத்து ஒரே கணினி மாதிரி வேலை வாங்குகிறோம். அதுதான் கிளஸ்டர். மேல்மாடிகளில் இருக்கிற ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கணக்குகளை 'ஜாப்' என்ற பெயரில் அனுப்புவார்கள். ஜாப் வரிசையில் நிற்கும், இடம் கிடைத்ததும் ஓடும், முடிந்ததும் விடையை டிஸ்க்கில் எழுதிவைக்கும். வரிசையை நியாயமாக நடத்துவதும், டிஸ்க் நிரம்பாமல் பார்த்துக்கொள்வதும், "என் ஜாப் ஏன் இன்னும் ஓடல?" என்று படியிறங்கி வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் பாடு. குளிர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வெயில் கொளுத்துகிற நாளில்கூட ஸ்வெட்டர்தான். பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் சிரிப்பார்கள்.

பெரிய படிப்புப் படித்தவர்கள் டிஸ்க்கை வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் படிப்பின்மேல் இருக்கும் மரியாதை போய்விடும். 'கடைசி' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பக்கத்திலேயே 'கடைசி-2'. அதற்கும் கீழே 'சத்தியமாகக் கடைசி'. எந்தப் பரிசோதனையை எந்த அமைப்பில் ஓட்டினீர்கள், எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "ஞாபகம் இருக்கு மேடம்" என்பார்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் அதே ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பார்.

இந்தக் கூட்டத்தில் என் கொழுந்தனும் ஒருவன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் இருந்தவன், அதனால் என் வாயில் அவன் இன்னும் 'நீ'தான். எங்கள் வீட்டு முன்னறையிலேயே தங்கி எங்கள் நிலையத்திலேயே முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறான். ஆற்றில் வெள்ளம் வருமா, வந்தால் எவ்வளவு உயரும் என்று அரை நாளுக்கு முன்னால் சொல்லும் ஒரு மாடல் அவனுடைய ஆராய்ச்சி. பழைய மழைக்கணக்கையும் நீர்மட்டத்தையும் கொடுத்துக் கணினியைப் பழக்குவான். இப்போது எல்லோரும் பயன்படுத்துகிற முறையைவிடத் தன்னுடையது தெளிவாக மேல் என்பது அவன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். வீட்டில் மழை பெய்தால் துணியை எடுக்க மட்டும் அவனுக்கு முன்கூட்டியே தெரியாது.

வேறு ஊரில் உள்ள வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும். தள்ளிப்போனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவனும் அவன் அண்ணனும் போய்ப் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்திருந்தார்கள். அண்ணன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் வேலை கிடைத்தது இவருக்கா அவனுக்கா என்று சந்தேகம் வரும்.

மாதக் கடைசி நெருங்க நெருங்க டிஸ்க் நிரம்பிக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் அதே மாதக் கடைசிதான். கெஞ்சி மெயில் போட்டேன், மிரட்டி மெயில் போட்டேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி என்று நானே துடைப்பத்தை எடுத்தேன். உள்ளடக்கம் துளியும் மாறாமல் ஒரே மாதிரி இருக்கிற ஃபைல்களைத் தேடிப்பிடித்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற பெயர்கள் எல்லாம் அந்த ஒன்றையே காட்டும்படி செய்கிற ஒரு புரோகிராம் உண்டு. யாருக்கும் நஷ்டமில்லை, இடம் மிச்சம். அதை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் நல்ல அறுவடை. எதையும் பத்துப் பிரதி எடுத்து வைக்காவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. எந்தெந்த ஃபோல்டரில் எவ்வளவு மிச்சமானது என்று மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் கொழுந்தனின் பெயரில் நின்றேன். 'ஓட்டம்-1' முதல் 'ஓட்டம்-5' வரை ஐந்து ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் பழகி முடித்த மாடல் ஒன்று. ஐந்தும் ஒரே ஃபைல் என்று புரோகிராம் சேர்த்து மூட்டை கட்டியிருந்தது.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கணினியைப் பழக்குவது சீட்டுக்கட்டைக் கலைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவது மாதிரி. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதை வைத்துக் கட்டைக் கலைத்துக்கொள்ளும். ஒரு ஆட்டம் ஜெயித்தால் அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அதனால் வேறு வேறு எண் கொடுத்து ஐந்து முறை கலைத்து, ஐந்து ஆட்டமும் ஆடி, ஐந்திலும் ஜெயித்தால்தான் ஆட்டக்காரனுக்குத் திறமை இருக்கிறது என்று அர்த்தம். கொழுந்தனின் அத்தியாயம் முழுவதும் அந்த ஐந்து ஓட்டத்தின்மேல்தான் நின்றது. ஐந்து ஓட்டத்திலும் ஒரே மாடல் வந்திருக்கிறது என்றால் கட்டு கலையவே இல்லை. அவன் ஆடியது ஒரே ஆட்டம். அதைத்தான் ஐந்து முறை எண்ணியிருக்கிறான்.

மாடலைச் சோதித்துப் பார்க்கும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நாட்களின் மழையை எடுத்துக் கொடுத்திருந்தான். அதனால் விடைகளில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவனுடைய பேராசிரியை அந்தச் சின்ன வித்தியாசத்தைக் காட்டித்தான் எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினாராம். "பாருங்க, எவ்வளவு உறுதியா இருக்கு. நம்ம லேப்ல வர்ற முடிவெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அவன் மூன்று தடவை சொன்னான்.

அந்தப் புரோகிராமின் ரிப்போர்ட் என் கண்ணுக்கு மட்டும்தான் வரும். நான் திரையில் அந்த ஜன்னலை மூடிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. இதை நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். நினைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதும் நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

கடைக்குப் போய் முதலில் கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு கண்ணாடியின் காலை வளைத்துச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"இப்ப என்ன, அவன் பொய் சொல்லிட்டானா?"

"பொய் இல்லங்க. தெரியாம நடந்திருக்கு."

"தெரியாம நடந்தது தெரியாமலே போகட்டுமே. அவன் வேலையில நீ ஏன் மூக்கை நுழைக்கிற? புரொபசர் பார்த்தாச்சு, எல்லாரும் பார்த்தாச்சு. உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அவனோட சேர்ந்து அந்த மாடலும் வெள்ள ஆபீசுக்குப் போகப் போகுது. அது வராதுன்னு சொன்னதை நம்பி ஆத்தோரத்துல யாராவது வீட்லயே உட்கார்ந்திருந்தா?"

அவர் கண்ணாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பெட்டி வாங்கிட்டான்" என்றார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

மறுநாள் காலை காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கொழுந்தனிடம் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"உன்னோட அஞ்சு ஓட்டத்துலயும் ஒரே மாடல்தான் இருக்கு. ஒரு புள்ளிகூட மாறல."

"சான்ஸே இல்ல அண்ணி. அஞ்சு வேற வேற நம்பர் குடுத்திருக்கேன். ஓட்டத்தைப் பதிஞ்சு வெச்ச லாக்கைப் பாருங்க, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வரிசையா இருக்கும்."

"பார்த்தேன். லாக்ல அஞ்சு நம்பர் இருக்கு. மாடல் ஒண்ணுதான் இருக்கு."

காபியைக் கீழே வைத்தான். முகம் மாறியது. "நேத்து க்ளீன் பண்றேன்னு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டினீங்கல்ல? அதுதான் ஒரு ஃபைலை எடுத்து மத்த நாலு மேலயும் போட்டிருக்கும். என் ரிசல்ட்டை அழிச்சது நீங்கதான்."

அவன் சொல்வது உண்மையாக இருந்தால் அழிந்தது அவனுடையது மட்டுமல்ல, நிலையம் முழுவதின் ஆராய்ச்சியும். நான் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆனாலும் மனசின் ஒரு மூலை, கடவுளே, தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. அப்படியானால் இவன் பிழைத்துக்கொள்வான்.

இருவரும் ஒரே பஸ்ஸில் நிலையத்துக்கு வந்தோம். நல்லவேளையாக டிஸ்க் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எங்களிடம் உண்டு. நான் துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் பிடித்த படத்தைத் திறந்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணைக் கணக்கிட்டுச் சொல்லும் கட்டளை இருக்கிறது. அதை அவனையே அடிக்கச் சொன்னேன். நான் அடித்தால் நாளைக்கு அதற்கும் ஒரு காரணம் சொல்வான்.

ஐந்து வரி வந்தது. ஐந்திலும் ஒரே எண்.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நான் தோளில் கை வைத்தேன், தட்டிவிட்டான். பிறகு ஓட்டத்துக்கான கட்டளைகளை எழுதிவைத்திருந்த தன் ஸ்கிரிப்டைத் திறந்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தான். அவனுடைய ஸ்கிரிப்டில் ஒரு குறையும் இல்லை. எண்ணை ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தான். ஸ்கிரிப்ட் கடைசியில், ஓட்டத்தை எப்படி நடத்துவது என்று சொல்லும் ஒரு அமைப்பு ஃபைலைக் கூப்பிட்டது. அவர்கள் லேபில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்துகிற ஃபைல் அது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே அதைத் தங்கள் ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துக்கொள்வார்கள், திறந்து பார்க்கமாட்டார்கள். அதன் நடுவில் ஒரு வரி, யார் என்ன எண் கொடுத்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தொடக்க எண்ணைப் பூஜ்யமாக்கியது. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு. ஏதோ ஒரு கோளாறைத் தேடும்போது ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறக் கூடாது என்பதற்காகப் போட்டது, தேடி முடித்ததும் எடுக்க மறந்தது. ஃபைலின் வயதைப் பார்த்தால் அவன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான்.

எழுதியவரின் பெயரையும் ஃபைல் சொன்னது. அவனுடைய பேராசிரியை.

"அண்ணி, இது நான் மட்டும் இல்ல" என்றான். "லேப்ல எல்லாரும் இதைத்தான் வெச்சிருக்கோம். மேடத்தோட ஆராய்ச்சிப் பேப்பர் எல்லாமே இதுலதான் ஓடியிருக்கு."

"முதல்ல உன்னோடதைப் பாரு" என்றேன்.

அந்த வரியை எடுத்துவிட்டு ஐந்து ஓட்டத்தையும் மறுபடி அனுப்பினான். இந்தத் தடவை மாடல் ஃபைல்களின் கைரேகையையும், எந்த எண், எந்த அமைப்பு என்பதையும் ஒவ்வொரு ஓட்டத்தோடும் சேர்த்துப் பதியும்படி வைத்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே செய்தான். ஐந்தே ஓட்டம் என்பதால் வரிசையின் இடுக்கில் நுழைந்து மறுநாளைக்குள் விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்று ஓட்டங்களில் அவன் முறை பழைய முறையை ஜெயித்தது. நான்காவதில் இரண்டும் சமம். மிச்சமிருந்த ஒன்று, பழைய கணக்கிலேயே பெரிய வெள்ளம் வந்த நாளைச் சாதாரண மழைநாள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை சண்டைக் களமானது.

"மூணுல ஜெயிச்சிருக்குல்ல? அதை வெச்சுக்க வேண்டியதுதானே" என்றார் என் கணவர்.

"உங்க கடைக்கு வர்றவர் அஞ்சு தடவை போர்டைப் படிச்சு மூணு தடவை சரியாச் சொன்னா, உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாம்னு அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டேன்.

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் சிரித்ததைப் பார்த்து அவருக்கும் வந்தது. ஆனால் சிரிப்பு சோற்றை வாயில் வைக்கும்வரைதான் நீடித்தது.

"அஞ்சு போதாது அண்ணி" என்றான். "இவ்வளவு மாறுதுன்னா நிறைய ஓட்டிப் பார்க்கணும். என் முறை, பழைய முறை ரெண்டையும். வந்தது எதுவோ அதை அப்படியே எழுதிடறேன். கொஞ்சம்தான் மேல்னு வந்தா கொஞ்சம்தான் மேல்னு எழுதறேன். ஆனா மாசக் கடைசிக்குள்ள ஓடி முடியணும். வரிசை எங்கேயோ நிக்குது. நீங்க நினைச்சா முன்னாடி தள்ளி விடலாம்."

தள்ளிவிடலாம்தான். ஒரே ஒரு கட்டளை. அந்த அதிகாரம் என் விரலில் இருக்கிறது என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஒருவருக்கும் நான் செய்வதில்லை. அவனுக்கு முன்னால் நிற்கிற ஒவ்வொரு ஜாப்பிலும் ஒருவருடைய மாதக் கடைசி இருக்கிறது.

"அண்ணியாக் கேட்டா இன்னொரு கரண்டி சோறு போடறேன்" என்றேன். "கிளஸ்டர்காரியாக் கேட்டா வரிசையில நில்லு."

"ஊருக்கெல்லாம் நியாயம் பேசி வீட்டுப் பையனைக் கவிழ்த்துடு" என்றார் என் கணவர். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். கொழுந்தன் குனிந்து தன் சோற்றைப் பிசைந்தான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். தப்பைக் கண்டுபிடித்ததும் நான், உதவமாட்டேன் என்றதும் நான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்த அண்ணியை எனக்குப் பிடித்திருக்காது.

மறுநாள் அவன் ஜாப்களை அனுப்பிவிட்டுப் பேராசிரியையைப் பார்க்கப் போனான். போகும் முன் கீழே வந்து என் அறை வாசலில் நின்றான்.

"அந்த ஃபைல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்பாங்களே" என்றான்.

"கேட்டா சொல்லு."

"என் ஆய்வேட்டுல கையெழுத்துப் போடறவங்க அவங்கதான் அண்ணி. அவங்க பேரை அவங்ககிட்டயே எப்படிச் சொல்றது?"

எனக்கும் தெரியவில்லை. அந்த அம்மாளை நான் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாம் மாடியில் இருப்பவர். நிலையத்துக்கு விருந்தினர் வந்தால் முதலில் அவரிடம்தான் கூட்டிப்போவார்கள். கீழ்த்தளத்துக்கு அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. மாணவர்கள்தான் அவருக்காக எல்லாம் ஓட்டுவார்கள். "ஃபைலைத் திறந்து முன்னாடி வை. அதுவே சொல்லும்" என்றேன்.

போனவன் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டான். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"படிச்சாங்க. அந்த வரியையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் என் புது ரிசல்ட்டைக் கேட்டாங்க, காட்டினேன். 'சரி, நீ போ' அப்படின்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல."

அந்த 'நீ போ' எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய இடத்தில் 'நீ போ' என்றால் அதற்குப் பின்னால் எத்தனையோ இருக்கும். அன்று முழுவதும் அவனுக்கு நானும் எனக்கு அவனும் ஆறுதல் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலையில் வந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வரிசையைப் பார்த்தேன். பார்த்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. பேராசிரியையின் பெயரில், அவருடைய சொந்தக் கணக்கிலிருந்து, அடுக்கடுக்காக ஜாப்கள். ஒன்றிரண்டல்ல, திரை முழுக்க. எல்லாம் கொழுந்தனின் ஜாப்களுக்கு முன்னால் நின்றன. அவன் கீழே, கீழே, ஸ்குரோல் செய்து தேட வேண்டிய இடத்துக்குப் போயிருந்தான். இந்தக் கணக்கில் இனி அவன் ஜாப்கள் தொடங்கும்போது மாதம் முடிந்து அடுத்ததில் பாதி போயிருக்கும்.

அவை எப்படி முன்னால் வந்தன என்பது எனக்குத் தெரியும். எங்கள் வரிசை வெறுமனே முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று நடப்பதில்லை. சமீபத்தில் நிறைய ஓட்டியவர் கொஞ்சம் பின்னால் போவார், வெகுநாளாக ஓட்டாதவர் முன்னால் வருவார். அதுதான் நியாயம் என்று முடிவு செய்து அந்த விதியை எழுதியதே நான். பேராசிரியை தன் கையால் எதையும் ஓட்டி வருடக்கணக்கில் ஆகிறது. அதனால் விதி அவரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டுபோய் எல்லோருக்கும் முன்னால் நிறுத்திவிட்டது.

அவருக்கும் இது தெரிந்திருக்கும் என்று தீர்மானித்தேன். பையன் வாயைத் திறந்தான், அவன் வழியை அடைத்துவிட்டார். யாரும் குறை சொல்ல முடியாதபடி, என் விதியை வைத்தே அடைத்துவிட்டார். மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தால் என்ன என்று யோசித்தேன். என்ன வார்த்தைகள் என்பதுகூடத் தயாராகிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்கிற அளவுக்குப் போயிருந்தேன், என் குணம் அப்படி.

நாற்காலியை விட்டு எழுந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. பேராசிரியை நின்றுகொண்டிருந்தார். கையில் லேப்டாப், கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. கீழ்த்தளத்துக் குளிரை எதிர்பார்க்காமல் வந்தவர் மாதிரி ஒரு கையால் இன்னொரு கையைத் தேய்த்துக்கொண்டார்.

"உட்காரலாமா?" என்று கேட்டார்.

ஒரே ஒரு உபரி நாற்காலி, அதன்மேல் கேபிள்கள். எடுத்துக் கீழே போட்டேன். அவர் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நான் பார்த்துக் கொதித்த அதே வரிசை.

"நேத்து சாயங்காலம் என் பழைய பேப்பர்ல இருக்கிறதெல்லாம் மறுபடி அனுப்பினேன்" என்றார். "அந்த வரி இல்லாம. கட்டளையெல்லாம் மறந்து போச்சு, எப்படியோ தட்டித் தடவி அனுப்பிட்டேன். காலையில பார்த்தா எல்லாம் அந்தப் பையனுக்கு முன்னாடி போய் நிக்குது. ஏன்னு புரியல. இதை அவனுக்குப் பின்னாடி போட வழி இருக்கா?"

நான் தயாராக வைத்திருந்த நாலு வார்த்தைகளுக்கும் வேலை இல்லாமல் போனது.

"இருக்கு" என்றேன். "அதுக்கு என்கிட்டக்கூடக் கேட்க வேண்டாம். தன்னோட ஜாப்பை முன்னாடி தள்ள யாருக்கும் உரிமை இல்ல. பின்னாடி தள்ளிக்க யாரோட அனுமதியும் வேண்டாம்."

"அப்ப சொல்லிக் குடுங்க. நானே பண்றேன்."

சொன்னேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். முதல் தடவை ஒரு எழுத்து தவறியது, அழித்துவிட்டு மறுபடி அடித்தார். அவர் பெயர் திரையின் உச்சியிலிருந்து மறைந்தது. கொழுந்தனின் ஜாப்கள் மேலே வந்தன. அவனுக்கு முன்னால் நின்றவர்கள் இன்னும் அவனுக்கு முன்னால்தான் நின்றார்கள், ஆனால் இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும்.

"மத்தவங்களுக்கும் பின்னாடியா போயிடுச்சு?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் பின்னாடி. யாரும் இல்லாதப்பதான் ஓடும்."

"பரவாயில்ல. அவனுக்குத் தேதி இருக்கு. எனக்கு ஒரு தேதியும் இல்ல. என்னோடதெல்லாம் எப்பவோ வெளிவந்தாச்சு." லேப்டாப்பை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனோடதைப் பார்த்துட்டேன். அந்த வரி போனப்புறமும் அதுல விஷயம் இருக்கு, நல்ல வேலைதான். நான் கையெழுத்துப் போட்டுடுவேன். அவன்கிட்ட சொல்லிடுங்க. நேத்து எனக்கு வாயே வரல."

சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து கதவு வரை போனார். பிடியில் கை வைத்தவர் திரும்பினார்.

"என்னோடது ஓட ஆரம்பிச்சா உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"முதல் ரிசல்ட் வர்றப்ப எனக்கு ஒரு போன் பண்றீங்களா? நான் இங்க வந்து பார்க்கிறேன். மேல என் ரூம்ல தனியா உட்கார்ந்து பார்க்கப் பயமா இருக்கு."

"வாங்க மேடம்" என்றேன். "வர்றப்ப ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."